அண்ணி வெட்டிய மூன்று பக்கங்கள்

அந்த வீட்டில் நாலு மாதமாக எதுவுமே சாகவில்லை. டார்ச் லைட்டின் பேட்டரி தூங்கிவிட்டது. கைப்பேசி மயங்கிவிட்டது. பால்கனியில் ஒரு செடி அடியோடு கருகிப்போனபோது அண்ணன் அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டு வந்து, "அதுக்கு வேற வீட்டுல வேலை கிடைச்சிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே திருதிருவென்று விழித்தார். டிவியில் செய்தி வாசிப்பவர் விபத்து என்று வாயைத் திறந்தால் போதும், அண்ணி பாய்ந்துபோய் ரிமோட்டை எடுத்துச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவாள். ஒருநாள் அதில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த மீனை அறுக்க எடுத்தார்கள். அந்தச் சேனலையும் மாற்றவேண்டியதாகிவிட்டது.

இத்தனை கெடுபிடியும் தம்பிக்காக. அண்ணனின் கூடப்பிறந்தவன், முப்பத்தெட்டு வயது, லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி நோயில் விழுந்து ஒன்பது மாதம் போராடிப் போன வருஷம் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிடு என்றால் சாப்பிட்டான். பேச்சு மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒருநாள், தன் பொருட்களை ஒவ்வொன்றாக அடுத்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தான். நல்ல கைக்கடிகாரம் அண்ணனுக்குப் போனது. மீன்தொட்டி பக்கத்து வீட்டுக்குப் போனது. பத்து வருஷமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த கருவிப்பையைத் தன்னோடு வேலை செய்பவனுக்குக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்த அன்று அண்ணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுநாளே, "உங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும் தம்பி, காயற வரைக்கும் எங்ககூட இருங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டே அறை உள்ள அந்த வீட்டுப் பெயிண்ட் நாலு மாதமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

எல்லாம் செய்தார்கள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற அண்ணன், கடிக்கிற நாயையும் கண்டுகொள்ளாமல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவர், சொந்தத் தம்பியின் அறைக்கதவு முன்னால் வந்தால் தொண்டையைக் கனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அண்ணிக்கு வேறு பயம். அப்படி ஒரு எண்ணம் இல்லாதவனிடம் போய்க் கேட்டால் நாமே அதை உள்ளே வைத்ததாகிவிடாதா? இருக்கிறவனிடம் கேட்டால் அது இன்னும் பெரிதாகிவிடாதா? இந்த இரண்டு 'விடாதா'க்களுக்கும் நடுவில் அவள் தூக்கம் போனது.

தவிர, அவளுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமும் கிடையாது. பத்தொன்பது வருஷமாகக் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருக்கிறாள். வக்கீல் கேட்பார், சாட்சி சொல்வார், அவள் எழுதுவாள். கொலைகாரன் சொன்னதையும் எழுதியிருக்கிறாள், அவன் அம்மா அழுததையும் எழுதியிருக்கிறாள். எதுவும் மனசில் தங்காது. காது வழியாக வந்து விரல் வழியாகப் போய்விடும். நடுவில் எங்கேயும் நிற்காது. அப்படி நின்றால் அந்த வேலையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வேறு ஆள். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு நாடகக் குழு ஒத்திகை நடத்தும். நடிக்கவெல்லாம் மாட்டாள். மறைவில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பாள். எல்லோருக்கும் நாடகப் பிரதியை டைப் அடித்துக் கொடுப்பதும் அவள்தான். குழுவின் இயக்குநர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுவதும் அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துப் பேசவிடாமல் செய்த பாவத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பேசவைத்துப் பரிகாரம் தேடுகிறார் என்று அண்ணன் சொல்வார்.

அந்த ஞாயிறு அண்ணனுக்கு டியூட்டி. தம்பியைத் தனியாக விட்டுவிட்டுப் போக அண்ணிக்கு மனம் வரவில்லை. "நாற்காலி தூக்க ஆள் இல்ல தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். இவர்கள் படியேறிப் போனபோது அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே பேக்கரிக்காரம்மா இருந்தார். நாடகத்தில் நகரத்துப் பெண்களுக்குத் தலைவியாக நடிப்பவர். கையில் ஒரு தட்டு நிறைய பன். நின்ற லிஃப்டுக்குள் இருந்து அவர் போட்ட கூச்சலில் டயர் கடைக்காரரே மேலே ஓடிவந்துவிட்டார்.

தம்பி முன்னால் வந்தான். வாட்ச்மேனிடம் ஒரு ஸ்க்ரூட்ரைவரை வாங்கி வெளிக்கதவைத் திறந்தான். கீழே எட்டிப் பார்த்து, அடி வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். "அம்மா! பயப்படாதீங்க! நடுவுல நில்லுங்க! கதவைத் தொடாதீங்க!" லிஃப்ட் குழிக்குள் இருபது வருஷம் கத்திக் கத்திப் பழுத்த குரல் அது. மூன்று மாடியும் அதிர்ந்தது. ஐந்தாவது நிமிடம் பேக்கரிக்காரம்மா வெளியே வந்து அவன் கையில் இரண்டு பன்னைத் திணித்தார். அதற்குள் ஒத்திகை அறைக் கதவு படாரென்று திறந்து, பல் டாக்டர் வேட்டைநாய் மாதிரி ஓடிவந்தார்.

"யாருய்யா அது? அந்தத் தொண்டை யாரோடது?"

கதாநாயகனாக நடித்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் போன வாரம்தான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். டாக்டர் அந்தத் துக்கத்தில் இருந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "வாயைத் திறங்க" என்றார், பழக்கதோஷத்தில். பிறகு சமாளித்துக்கொண்டு, "அதாவது, பேசுங்க" என்றார். தம்பி, "என்ன பேசறது?" என்றான். "போதும், கிடைச்சாச்சு வாசல்காவலன்!" என்று டாக்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அண்ணிக்கு அந்த நாடகத்தின் கதை தெரியும். அது பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சோக நாடகம். நகரத்தின் வாசல்காவலன் ஒருவன் ஒரு நாழிகை கண்ணயர்ந்துவிடுகிறான். பகைவர் உள்ளே புகுந்து நகரத்தை எரித்துவிடுகிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு, எரிந்த வாசலில் தனியாக நின்றுகொண்டு, இனி இருப்பதா இல்லாமல் போவதா என்று அவன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். எத்தனையோ மனிதர்கள் இருக்கிற இந்த உலகத்தில், அந்தப் பேச்சைப் பேசுவதற்கு இந்த டாக்டருக்கு அவள் கொழுந்தன்தானா கிடைக்கவேண்டும்?

டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டாள். "டாக்டர், அவரு வேண்டாம்."

"ஏன்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. "அவருக்குப் பல்வலி" என்றாள்.

உலகத்தில் இருக்கிற எல்லோரையும் விட்டுவிட்டு ஒரு பல் டாக்டரிடம் போய் இந்தப் பொய்யைச் சொன்னவள் அண்ணி ஒருத்தியாகத்தான் இருக்கும். டாக்டர் அந்த நிமிடமே தம்பியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, சட்டைப்பையில் இருந்த சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். "முப்பத்திரெண்டும் முத்து! எந்தப் பல்லுங்க வலிக்குது?" தம்பி ஒன்றும் புரியாமல் அண்ணியைப் பார்த்தான். அண்ணி பன்னைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தம்பிக்குப் புதுப் பிரதி அடிக்கவேண்டும். மூன்றாம் காட்சி வந்தது. காவலன் பேச ஆரம்பிக்கிற அரைப் பக்கத்தைப் படித்ததும் கண் கலங்கியது. அதற்கு மேல் படிக்கவில்லை. அந்தப் பக்கத்தையும் அடுத்த இரண்டு பக்கத்தையும் அப்படியே விட்டுவிட்டு, பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாசலைத் திறக்கும் இடத்துக்குத் தாவிவிட்டாள். முதல் தடவை எல்லோருக்கும் இதே நாடகத்தை அடித்துக் கொடுத்தவள்தான் அவள். ஆனால் விரல்தான் அடித்தது. மூன்றாம் காட்சிக்கு ஒத்திகையும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்த மூன்று பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கைபோன போக்கில் மற்ற இடங்களிலும் கொஞ்சம் துப்புரவு செய்தாள். 'இறந்தார்கள்' என்று வந்த இடத்திலெல்லாம் 'புறப்பட்டார்கள்' என்று போட்டாள்.

ஒத்திகை ஆரம்பமானது. தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே ஆச்சரியம். அடுத்த ஆச்சரியம், காலையில் குளியலறையிலிருந்து வசனம் கேட்டது. அதற்கும் அடுத்தது, சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் எதிரே இருக்கிறவரைப் பார்த்துச் சாப்பிட்டான். அண்ணன் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் வந்து, "நாடகம்னா இவ்வளவு நல்லதா? தெரிஞ்சிருந்தா நானும் நடிச்சிருப்பேனே" என்றார். "நீங்க தினமும் நடிக்கறதுதானே" என்று அண்ணி சொன்னாள். நாலு மாதத்தில் அவள் அடித்த முதல் ஜோக் அதுதான்.

முதல் காட்சியில் மட்டும் ஒரு சின்னத் தகராறு. தம்பி எரிகிற நகரத்தைப் பார்த்துக் கையை விரித்து, "ஐயோ, ஆயிரம் வீரர்களும் புறப்பட்டார்கள்! என் நகரமே புறப்பட்டுவிட்டது!" என்று முழங்கினான்.

"நில்லுங்க நில்லுங்க" என்றார் டாக்டர். "நகரமே புறப்பட்டு எங்க போச்சு? டூருக்கா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அண்ணி திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். டைப்பிங் தவறு என்று டாக்டர் பேனாவால் திருத்திவிட்டு மேலே போய்விட்டார். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மூன்றாம் காட்சி எத்தனை நாள் தள்ளிப்போகும்? நாடகத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதை எடுத்தார்கள். தம்பி மேடை நடுவில் வந்து நின்றான். "என் இடுப்பில் சாவி இருக்கிறது. பூட்டுவதற்கு வாசல் இல்லை" என்றான். ஒரு மூச்சு விட்டான். அடுத்த வரியாக, "பெண்களே, நீங்கள் சொன்னபடியே ஆகட்டும்!" என்றான்.

பேக்கரிக்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "நாங்க என்ன சொன்னோம்?"

"தெரியலீங்க. நீங்க சொன்னபடி ஆகட்டும்னு இருக்கு."

"நான் இன்னும் வாயையே திறக்கலயே! இந்த நாடகத்துல எனக்கு இருக்கறது மொத்தம் இருபத்தி ரெண்டு வரி. அதுல பதினாலு வரி இங்கதான் வருது. அந்தப் பதினாலு வரிக்காகத்தான் ரெண்டு மாசமா மாவு பிசையறப்பகூட மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். எங்க அது? யாரு தின்னது?"

டாக்டர் தம்பியின் பிரதியை வாங்கிப் பார்த்தார். தன் பிரதியைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். "மூணு பக்கம் காணோம்" என்றார்.

எல்லோரும் அண்ணி பக்கம் திரும்பினார்கள். "டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீங்களா? ஒரு கமாவைக்கூட விட்டதில்லையே மேடம் நீங்க!" என்றார் டாக்டர் வெள்ளந்தியாக.

பேக்கரிக்காரம்மா இந்த ஆராய்ச்சி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பிரதியைத் தம்பி கையில் திணித்து, "இந்தாங்க, உங்களோடதை நீங்க படிங்க. என்னோடது எனக்குத் தெரியும்" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாவு பிசைகிற அதே தோள் வலுவோடு முன்னால் வந்து நின்றார். இதுவரை கத்திக்கொண்டிருந்தவரின் குரல் சட்டென்று தணிந்தது.

"காவலனே, ஒளிக்காமல் சொல். நீ சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?"

தம்பி காகிதத்தைப் பார்த்தான். அதில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆனது.

"ஆம்" என்றான்.

அண்ணி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் எதற்குப் பயந்து பேட்டரியைத் தூங்கவைத்தார்களோ, செடிக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்களோ, அந்த ஒரு சொல் ஏழு பேர் முன்னால் சத்தமாக வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மேலே படித்தான். "நான் தூங்கியது ஒரு நாழிகை. அதில் ஒரு நகரம் எரிந்தது. விடிந்தால் சூரியனைப் பார்க்க எனக்கு முகம் இல்லை."

"முகம் இல்லையென்றால் எங்கள் பின்னால் நின்றுகொண்டு பார்" என்றார் பேக்கரிக்காரம்மா. "இந்த வாசலில் போனவர் வந்தவர் எல்லோரையும் நீ அறிவாய். என் மகன் எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்புவான் என்று பெற்ற எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீயும் போய்விட்டால் அதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? உன்னை மன்னித்துவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டோம். மன்னிப்பதற்கு எங்களுக்கு நாளாகும். அதுவரைக்கும் இரு."

பதினாலு வரியும் முடிந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. டாக்டர் மூக்கை உறிஞ்சினார். அண்ணி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். தன் கையாலேயே இரண்டு தடவை கடந்துபோன வரிகள். அவள் கத்தரித்து எறிந்தது சாவை இல்லை. ஒருத்தி போய் ஒருவனை நேருக்கு நேராகக் கேட்ட கேள்வியை. அதற்குப் பிறகு வந்த, 'இரு' என்ற சொல்லை. முதல் அரைப் பக்கத்திலேயே பயந்து ஓடிப்போய், மிச்ச இரண்டரைப் பக்கத்தையும் அவனுக்குக் கிடைக்காமல் செய்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. நீயும் ஒரு மனுஷியா என்று உள்ளுக்குள் தன்னையே ஒரு பிடி பிடித்தாள்.

ஒத்திகை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பியே பேச்சை எடுத்தான்.

"அண்ணி, அந்த மூணு பக்கம் நீங்க விட்டுட்டீங்களா, வெட்டிட்டீங்களா?"

"வெட்டிட்டேன்."

"புறப்பட்டார்களும் நீங்கதானா?"

"நான்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு பஸ் வந்து நின்றது. அவர்களுடைய பஸ்தான். அண்ணி எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் இவர்களைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போனது. பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் கேள்வியை எழுதிய விரல்கள் மடியில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருந்தன.

"தம்பி, உங்களை ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"செத்துப்போயிடணும்னு நினைச்சீங்களா?"

கேட்டேவிட்டாள். அவன் எதிர்ப்பக்கத்துக் கடைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நினைச்சேன் அண்ணி" என்றான். "கடிகாரம் கொடுத்தப்ப நினைச்சேன். கருவிப்பை கொடுத்தப்பவும் நினைச்சேன். அண்ணன் கடிகாரத்தை வாங்கிக்கிட்டு, 'நல்லா இருக்குடா'ன்னு சொல்லிக் கையில கட்டிக்கிட்டான். யாராவது ஏன்டா இதெல்லாம் தரேன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சீங்க."

"கேட்டா இன்னும் அதிகமாயிடுமோன்னு பயம் தம்பி."

"எனக்கும் சொல்லப் பயம்தான். நீங்க செடிக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுக்கறீங்க. இந்த வீட்டுல போய் நான் எப்படி அந்தப் பேச்சை எடுப்பேன்? பேட்டரிக்கே இவ்வளவு கஷ்டப்படறவங்க, நான் சொன்னா தாங்குவீங்களா?"

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே விட்டாள். பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"இப்பவும் தோணுதா?" என்று கேட்டாள். ஒரு தடவை கேட்டபிறகு இரண்டாவது தடவை கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"தினமும் இல்ல. ஒத்திகை இருக்கற நாள்ல நினைக்க நேரமே இல்ல, அந்தம்மா கத்தற கத்துல. ஆனா சில நாள் காலையில எழுந்ததும் தோணும்."

"தோணுச்சுன்னா சொல்லணும். என்கிட்ட இல்லாட்டி அண்ணன்கிட்ட. எந்த நேரமா இருந்தாலும் சரி. நாளைக்கு நாம டாக்டர்கிட்டயும் போறோம்."

"பல் டாக்டர்கிட்டயா?"

"அவர்கிட்ட போனா உங்களை வாயைத் திறக்கச் சொல்லுவாரு, அதுக்கப்புறம் அவரே பேசுவாரு. இது நீங்க பேசற டாக்டர்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

அன்று இரவு விஷயத்தைக் கேட்ட அண்ணன், கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தம்பி கையில் கட்டிவிட்டார். கட்டும்போது தேம்பித் தேம்பி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருவித வீராவேசத்தோடு டார்ச்சை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, "இந்தா பாரு, இந்த பேட்டரி செத்து ஒரு மாசமாச்சு!" என்று அறிவித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இல்லை.

மனநல டாக்டர் ஒரு கண்டிப்பான பெண்மணி. வாரம் ஒருமுறை வரவேண்டும் என்றார், மாத்திரை எழுதினார், எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று எண்ணைக் கொடுத்தார். நாடகத்தில் நடிக்கலாமா என்று அண்ணி கவலையோடு கேட்டதற்கு, "தம்பியைக் கேளுங்க" என்றார். கேட்கிற பழக்கம் இப்போது வந்திருந்ததால் அவனையே கேட்டாள். "அந்தம்மாவோட பதினாலு வரியை மறுபடி வெட்டினா, அந்தம்மா என்னைக் கொன்னுடும் அண்ணி" என்றான். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

நாடகம் நடந்தது. மண்டபத்தில் பாதிக்கு மேல் பல் டாக்டரின் நோயாளிகள். வராவிட்டால் அடுத்த தடவை ஊசி வலிக்குமோ என்று பயந்து வந்தவர்கள் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எரிந்த கோட்டைவாசல் என்று வைத்திருந்த அட்டை முதல் காட்சியிலேயே சாய்ந்தது. ஒரு வீரன் அதைத் தோளால் தாங்கிக்கொண்டே சண்டை போட்டான். அண்ணி மறைவில் உட்கார்ந்து, விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு, மூன்றாம் காட்சிக்குக் காத்திருந்தாள். தம்பி ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. "ஆம்" என்று அவன் சொன்னபோது மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது. "அதுவரைக்கும் இரு" என்று பேக்கரிக்காரம்மா சொன்னபோது மூன்றாம் வரிசையில் ஒருவர் வெளிப்படையாகவே விம்மினார். எரிந்த வாசலை எல்லோரும் சேர்ந்து திறந்ததும் கைதட்டல் ஓய மாட்டேன் என்றது. பல் டாக்டர் மேடைக்கு ஓடிவந்து அத்தனை பேரையும் முத்தமிட்டார், அட்டை வாசல் உட்பட.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்கு அண்ணி அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் கேட்ட கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. கோர்ட்டில் யார் யாரிடம் என்னென்ன சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் கழுவவில்லை.

"அண்ணி," என்றான், "இன்னிக்குத் தோணுது."

நேற்று அத்தனை பேர் எழுந்து நின்று கைதட்டினார்களே, இன்றைக்கு எப்படி என்று ஒரு நொடி அவள் மனம் கேட்டது. அந்தக் கேள்வியை அவனிடம் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றாள். "என்னங்க, இங்க வாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அண்ணன் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு வந்தார். தம்பியைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, நுரையைக்கூடத் துடைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி கோர்ட்டில் தன் மேலதிகாரிக்குப் போன் செய்து இன்றைக்கு வரமாட்டேன் என்றாள். என்ன காரணம் என்று கேட்டார். "வீட்டுல பேசிட்டிருக்கோம்" என்று சொல்லி வைத்தாள். அடுத்து அந்தக் கண்டிப்பான டாக்டரைக் கூப்பிட்டாள். பத்து மணிக்கு வரச்சொன்னார்.

பிறகு தம்பி பேசினான். மனைவியைப் பற்றிப் பேசினான். அந்த ஒன்பது மாதத்தில் அவள் எதற்கெல்லாம் சிரித்தாள், கடைசி வாரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள், கடைசி நாள் ஒரு அரைமணி நேரம் லிஃப்ட் வேலை என்று அவன் வெளியே போன நேரத்தில் அவள் போனது. ஒன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னான். நடுவில் அழுதான், நிறுத்தினான், மறுபடி சொன்னான். அண்ணி குறுக்கே பேசவில்லை. அன்றைக்கு அவள் காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய் நின்றது, நின்ற இடத்தில் வலித்தது. ஆனாலும், வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை. அவன் வந்து சொன்னான். எழுந்து, நடந்து, இந்தச் சமையலறை வரைக்கும் வந்து சொன்னான்.

எட்டேகால் மணி இருக்கும். தம்பி பேசுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காய்ந்துபோன நுரையோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான்.

"பசிக்குது அண்ணி" என்றான்.

அண்ணி எழுந்து ரொட்டியை எடுத்து வெட்டினாள். துண்டுகள் ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் கோணல்மாணலாக வந்தன. அவன் அத்தனையையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.